நீர்க்காகமும் கொர்மொரானும்

போன வாரம் ஊசுட்டேரிக் கரையில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்தக் காக்கா ஏன் ரெக்கையை விரிச்சிக்கிட்டே நிக்குது?"

பட்ட மரத்தில் ஒரு நீர்க்காகம். அதன் இறகில் தண்ணீர் ஊறிவிடும், முங்கி மீன் பிடித்தபின் வெயிலில் காயவைத்தாக வேண்டும் என்று சொன்னேன். ஆனால் அவள் காக்கா என்றது பழைய கதை ஒன்றைக் கிளறிவிட்டது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். 1960 வாக்கில், எனக்குப் பத்து வயதிருக்கும், ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார் முசே. நைனாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அவர் மடைக்குப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போவேன். நீர்க்காக்கா என்று சொல்லித் தந்தது அவர்தான். பிரெஞ்சில் அதற்குப் பெயர் தெரியாததால் 'கொர்போ தோ' என்று எழுதிவைத்தேன். கொர்போ காகம், ஓ தண்ணீர். முசே அதை உரக்கப் படித்தார். வகுப்பே சிரித்தது. சிவப்பு மசியால் அடித்து, மேலே 'கொர்மொரான்' என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, "நீ சொன்னது தப்பு நைனா, அது காக்காயும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு எந்தப் பறவையின் பெயரையும் அவர் எனக்குச் சொன்னதாக நினைவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, சொல்லின் மூலம் தரும் பிரெஞ்சு அகராதி ஒன்று வாங்கினேன். ஒரு நாள் சும்மா புரட்டும்போது கொர்மொரான் கண்ணில் பட்டது. பழைய பிரெஞ்சில் 'கொர்ப்' என்றால் காகம், 'மரெங்' என்றால் கடலைச் சேர்ந்தது. கடற்காகம்! ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டதும் இதே சொல்லைத்தான். அறிவியல் பெயரான ஃபாலக்ரோகோராக்ஸுக்குக் கிரேக்கத்தில் வழுக்கைத்தலைக் காகம் என்று பொருள். காக்கைக் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கறுப்பைப் பார்த்து எல்லா ஊர்க்காரரும் ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறார்கள். நான் எழுதியதை அடித்துவிட்டு அதையேதான் திருப்பி எழுதியிருக்கிறோம் என்று முசேவுக்கும் தெரிந்திருக்காது, பாவம்.

நைனா போய் அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது.

பேத்தியிடம், "அது நீர்க்காக்கா. உன் கொள்ளுத்தாத்தா சொல்லிக் குடுத்த பேரு" என்றேன்.

"அப்ப அது காக்காவா, இல்லையா?" என்றாள். அதற்குள் அது ரெக்கையை மடக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டது.