நீறு பூத்த நெருப்பு

ஈரல் நோய் என்றதும் நம்மவர் மனத்திற் கள்ளும் சாராயமுமே தோன்றும். குடியாதவருடைய ஈரலுக்கு யாது கேடு வந்துவிடப் போகின்றது என்று கவலையற்றிருப்போர் பலர். இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று. நோயாளியை நாணச் செய்து, மருந்தினின்றும் விலக்கிவிடும் தீங்கும் அதற்குண்டு.

எமது தமையனார் பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவுடையவர். மதுவைக் கையாலுந் தீண்டாதவர். “உங்கள் ஈரலிற் கொழுப்புப் படிந்திருக்கின்றது” என்று வைத்தியர் கூறியபோது அவர் முகம் கறுத்துவிட்டது. “ஊரார் கேட்டால் என்னைப்பற்றி என்ன நினைப்பார்கள், தம்பி?” என்று எம்மிடம் மனம் நொந்தார். உறவினர் எவருக்கும் சொல்லலாகாதென்று அண்ணியாரையுந் தடுத்தார். அடுத்த தவணைக்கு வைத்தியசாலைக்குச் செல்லவும் பின்னின்றார். நோயினும் இந்நாணமே கொடிதென நாம் கருதினோம்.

1980ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மேயோ வைத்திய நிலையத்தில் லுட்விக் என்னும் நோயியலறிஞரும் அவரோடு உழைத்தோரும், மதுவினாற் கெட்ட ஈரலைப் போன்றே தோன்றும் ஈரலைக் குடிப்பழக்கமில்லாதாரிடமுங் கண்டு, அந்நோய்க்குத் தனிப்பெயர் சூட்டினர். அந்நோயாளருட் பெரும்பாலோர் உடல் பருத்தவர். நீரிழிவுடையோரும் அவருட் பலர். நம் நாட்டிலே ராகமைப் பகுதி மக்களிடம் நிகழ்ந்து 2009இல் வெளியான ஆய்வில், 35 முதல் 64 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் கொழுப்பு ஈரல் காணப்பட்டது. ஆகவே, இஃது எவரும் மறைக்கவேண்டிய பழியன்று.

இது நிகழுமாறு யாது? நீரிழிவிலே உடற்கலங்கள் இன்சுலினின் ஏவலுக்குச் செவ்வனே இணங்குவதில்லை. அதனாற் கொழுப்பிழையங்களிலிருந்து கொழுப்பமிலங்கள் இரத்தத்திற் பெருகி ஈரலை அடைகின்றன. ஈரற்கலத்தின் இழைமணிகள் அவற்றை எரித்துச் சத்தியாக்க முயல்கின்றன. அளவுக்கு மிஞ்சி விறகு திணித்த அடுப்பு புகைவதுபோல, அவ்விடத்தில் ஒட்சிசனின் தாக்கமிகுந்த வடிவங்கள் மிகுதியாகத் தோன்றிக் கலத்தின் மென்சவ்வுகளைச் சிதைக்கின்றன. இதனையே ஒட்சியேற்ற நெருக்கீடு என்பர்.

சிதைவைக் கண்டு ஈரலிலுள்ள காவற்கலங்கள் விழித்தெழுகின்றன. அவை சுரக்கும் பொருள்களால் அழற்சி மூளுகின்றது. அவ்வழற்சியோ இன்சுலினின் செயலை மேலுந் தடுத்து, நீரிழிவைப் பெருக்குகின்றது. நீரிழிவு ஈரலைக் கெடுக்க, ஈரல் நீரிழிவைக் கெடுக்கின்றது. ஆண்டுகள் பல கழிய, வெந்த இடமெல்லாம் நார்த்தழும்பாகி ஈரல் இறுகிவிடவுங் கூடும். இத்தனைக்கும் பெரும்பாலும் நோவில்லை; இரத்தப் பரிசோதனையிற் குறை தோன்றாதிருத்தலும் உண்டு. நீறு பூத்த நெருப்பென்பது இதற்கே பொருந்தும்.

ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கினாற் போதுமென்பாரும் உளர். உயிர்ச்சத்து ஈயினாற் சிலருக்கு நலமுண்டென 2010இல் வெளியான பெரும் ஆய்வொன்று காட்டிற்று; ஆயின், அதில் நீரிழிவுடையோர் சேர்க்கப்படவில்லை. ஆதலின் வைத்தியரைக் கேளாது அதனை உண்ணல் தகாது.

நெருப்பை அவிப்பதற்கு விறகைக் குறைத்தலே முதல்வழி. பருத்த உடலினர் தம் நிறையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கைப் படிப்படியாகக் குறைப்பாராயின், ஈரற்கொழுப்பும் அழற்சியும் பெரும்பாலுந் தணியும். தழும்புங்கூடச் சிலரிடம் குறையும். 80 கிலோ நிறையுடையவருக்கு இஃது ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ. சோற்றை அளவோடு உண்டு, கறியையுங் கீரையையும் கூட்டி, சீனியிட்ட தேநீரையும் மென்பானங்களையும் விலக்கி, நாடோறும் நடத்தல் எவர்க்கும் இயலாததன்று.

இவற்றுக்கெல்லாம் முன்னே வேண்டுவது ஒன்றுண்டு. வீட்டில் நீரிழிவுடைய முதியோர் இருப்பின், ஈரலையும் பரிசோதிக்குமாறு வைத்தியரிடம் கேட்க இளைஞர் துணைசெல்லவேண்டும். “நீங்கள் குடித்தீர்களோ?” என்று ஒருகாலும் வினவலாகாது. அவ்வொரு வினாவுக்கு அஞ்சியே பலர் வாய்மூடியிருக்கின்றனர். மூடிய நீற்றின்கீழ் நெருப்போ வளர்ந்துகொண்டே இருக்கின்றது.