எங்கள் வீட்டு மீன்தொட்டி

மீன் வளர்ப்பது வசதி படைத்தவர் வீட்டுப் பொழுதுபோக்கு என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தன வீட்டில், ஒரு கூடமும் ஒரு சமையலறையும் மட்டுமே உள்ள எங்களுக்கு அது எதற்கு? ஆயினும் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குக் காரணம் அப்பா.

அப்பா மாம்பலத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். விடுமுறை நாள் மாலைகளில் கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் நின்று மீன்களுக்குப் பொரி போடுவார். பக்தி அதிகம் உள்ளவர் அல்லர். கோபுரத்தைப் பார்ப்பதைவிடக் குளத்தைப் பார்ப்பதே அதிகம். சித்திரையில் ஒரு நாள் காலை, பேனாவை எடுக்கப் போன வலக்கை எழவில்லை. பக்கவாதம். வலக்காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. அம்மாவின் பெயரைக் கூட அவரால் சொல்ல முடியவில்லை. கூடத்துச் சன்னலோரக் கட்டிலில் படுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். குளத்துக்கு அவரைத் தூக்கிப்போக முடியாது. குளத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமே என்று எனக்குத் தோன்றியது.

தனிப்பயிற்சி சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஒன்று வாங்கினேன். அதே கடையில், "எல்லாம் கலந்து போட்டாத்தான் தம்பி அழகா இருக்கும்" என்றார்கள். பொன்மீன் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, நியான் டெட்ரா ஆறு, டைகர் பார்ப் இரண்டு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அழுக்குத் தின்னும் சக்கர் மீன் ஒன்று. ஆக 13 உயிர்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுப் பட்டியல்போல நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

முதல் நாள் அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளே நியான்கள் நிறம் வெளுத்தன. டைகர் பார்ப்கள் ஏஞ்சல்களின் நீண்ட துடுப்பிழைகளைக் கடித்துக் கந்தலாக்கின. தண்ணீர் கலங்கிற்று. கலங்கினால் கழுவ வேண்டும் என்பதுதானே நாம் அறிந்த சுத்தம்? தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கற்களையும் பஞ்சு வடிகட்டியையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்து நாளில் சக்கர் மீனைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை; அதையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். செத்த மீன்களை அப்பா விழிப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவேன். ஒரு நாள் வலையோடு திரும்பினால், அவர் கண் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாகப் பார்த்திருந்தாரோ!

நான் வணிகவியல் மாணவன். விலங்கியல் துறைப் பக்கம் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. அன்று போனேன். அங்கிருந்த பேராசிரியர் என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுத் தண்ணியில சோப்பு நுரைக்குமா?" என்று கேட்டார். நுரைக்காது, ஆழ்குழாய்த் தண்ணீர், வாளியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும் என்றேன். "அப்புறம் அமேசான் மீனை வாங்கிட்டு வந்து அதுல போட்டா?" என்று சிரித்தார்.

அதன்பின் அவர் விளக்கியதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளின் மீன். இலைகள் ஊறிக் கறுத்த, உப்பே இல்லாத மென்மையான நீர் அதற்குச் சொந்த ஊர். எங்கள் தெருத் தண்ணீரோ கடலோரத்துக் கடின நீர். பொன்மீன் குளிர்ந்த நீரை விரும்புவது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு சாணுக்கு மேல் வளரும். கழிவும் அதற்கேற்ப மிகுதி. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். சென்னையின் மே மாதத்தில் அந்த மீன் மூச்சுக்குத் திணறுவதில் வியப்பில்லை. ஏஞ்சல் வளர்ந்தால் நியானையே விழுங்கும். டைகர் பார்ப் கூட்டமாக இருந்தால் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்ளும். இரண்டு மட்டும் இருந்தால் அண்டை வீட்டாரை வம்புக்கு இழுக்கும். சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். பெரிதானதும் மக்கள் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அது அங்கே பெருகி நம் நாட்டு மீன்களுக்கு எமனாகிறது. என் 13 மீன்களும் ஒன்றாக ஒரே வீட்டில் குடியிருக்கத் தக்கவை அல்ல!

ஆனால் கொன்றது இவை மட்டுமல்ல, என் சுத்தமும்தான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்குகிறது; இன்னொருவகை அதை நைட்ரேட்டாக்குகிறது. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கேடு செய்யாது, செடிகள் எடுத்துக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பற்றும் வரவும் நேராகும்வரை கடை திறக்கக் கூடாது என்று என் பாடத்தின் மொழியில் புரிந்துகொண்டேன். நானோ குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கணக்கப்பிள்ளைகளையே கொன்றிருக்கிறேன்.

பேராசிரியர் ஆய்வகத்துப் பழைய தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தார். அந்த அழுக்கைப் பிரசாதம்போல ஈரம் காயாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு நாள் வாளியில் வைத்துக் குளோரின் நீங்கிய தண்ணீரை நிரப்பினேன். தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர்; கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் தேறும். வேலம்பாசியை நட்டு, தினம் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போட்டேன். மீன் இல்லை. ஐந்து வாரம்!

"வெறும் தண்ணியைப் போய் அவரை வேடிக்கை பார்க்க வச்சிருக்கியேடா" என்று அம்மா புலம்பினாள். எனக்கும் அழுகை வந்தது. அப்பா தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுக்குழாயின் குமிழிகள் அவருக்குப் போதுமோ என்னவோ.

அந்த ஐந்து வாரமும் நான் மீன்களைப் பற்றிப் படித்தேன். ஒன்றிரண்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் மெரினாக் கடற்கரையில் 1909-லேயே ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டிருக்கிறது. அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டம் அது. இரண்டாம் உலகப்போரின்போது மூடிவிட்டார்களாம். இன்னொன்று: டால்டார்ஃப் என்னும் படை அதிகாரி 1791-ல் தரங்கம்பாடியில் பனையேறிக் கெண்டை ஒன்று பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதியிருக்கிறார். ஏறியதோ இல்லையோ, காற்றையே சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. கடைகளில் சின்னக் கிண்ணத்தில் அடைத்து விற்கும் ஃபைட்டர் மீனுக்கும் அதே உறுப்புதான்; அதனால்தான் அந்தக் கிண்ணத்தில் உடனே சாகாமல் கிடக்கிறது. அதை வாழ்வு என்று நான் சொல்லமாட்டேன்.

இனித் தேர்வு. கப்பியைத்தான் முதலில் நினைத்தேன். கொசுப்புழு தின்பதற்காகக் கிணறுகளில் விடுவார்களே, அதே இனம்; கடின நீர் அதற்கு ஒத்துவரும். ஆனால் வரிக்குதிரை மீனையும் நான் விரும்பினேன். கங்கைச் சமவெளியின் மீன், நம் நாட்டுக்காரன். அது கூட்டமாக ஓடியாடுவது, ஆறாவது வேண்டும். கப்பியின் நீண்ட வால் அதன் கண்ணை உறுத்தும். இரண்டில் ஒன்று என்றானதும் கப்பியை விட்டேன்.

அப்போதுதான் இக்கட்டு வந்தது. தீனி டப்பாவின் மேல் சிவந்த பொன்மீன் படம் ஒன்று இருந்தது. அப்பா இடக்கை விரலால் அதைத் தொட்டுக் காட்டினார்; பிறகு தொட்டியைக் காட்டினார். நோயில் விழுந்தபின் அவர் ஒன்றைக் கேட்டது அதுவே முதல் தடவை. அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு பொன்மீன்தானே, வாங்கிப் போட்டால் என்ன என்று அந்தப் பார்வை கேட்டது. அன்றிரவு நான் உறங்கவில்லை. வாங்கினால் அவர் மகிழ்வார்; மே மாதத்தில் ஒரு விடியற்காலை அதையும் நான் வலையில் எடுக்க வேண்டியிருக்கும்; அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போனேன். வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்போன ஊர். மாடிகளில் கூடச் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறார்கள். பெரியவர் ஒருவரிடம் நிலைமையைச் சொல்லி, சிவப்பாக வேண்டும், சிறியதாக வேண்டும், உப்புத் தண்ணீரைத் தாங்க வேண்டும் என்றேன். "சிவப்பு பிளாட்டி எடுத்துக்கோப்பா. ஒரு ஆணுக்கு ரெண்டு பொட்டை. இல்லேன்னா துரத்தியே கொன்னுடும்" என்றார். மெக்சிகோ நாட்டு மீன். கடின நீரே அதற்கு இதம். வரிக்குதிரை ஆறு, பிளாட்டி மூன்று. அதற்கு மேல் ஒன்றும் வாங்கவில்லை.

அப்பா படத்தையும் பிளாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏமாற்றியது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுகிறேன். பஞ்சை எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறேன். பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி மணிகளை வைத்துப் பார்த்தார். அப்பா மணிகளைத் தொடவும் இல்லை. கார்த்திகையில் ஒரு மாலை நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து, "ஏ...ழு" என்று கேட்டது. திரும்பினேன். இடக்கை விரல் கண்ணாடியின் மேல் இருந்தது. மற்ற இரண்டும் பாசிக்குள் மறைந்திருந்தன. மீன்கள் நிற்கமாட்டா, ஆகையால் கணக்கு முடிவதே இல்லை. முடியாத கணக்கை விடுபவர் அல்லர் அப்பா.

தை மாதம் பிளாட்டி குட்டி போட்டது. பெரியவை தின்றதுபோகச் சில, வேலம்பாசிக்குள் பதுங்கிப் பிழைத்திருக்கின்றன. நேற்று மாலை அப்பா, "பதினொண்ணு" என்றார். நான் எண்ணியபோது பத்துதான் இருந்தது. அவர் தலையை ஆட்டி மறுத்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு பஞ்சு வடிகட்டியின் பின்னால் பார்த்தேன். அரை நகம் அளவு, சிவப்பாக ஒன்று இருந்தது.