மேசையில் ஓர் இடம்

தியானப் பகுதி: கலாத்தியர் 2:11-14

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

இந்த வாரம் என்னுடைய குறை ஒன்றை உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன். அதற்கு முன், வெகுதொலைவில் நான் உண்ட ஓர் உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில், திருச்சபைக் கூடுகை ஒன்றில் பங்கேற்க கென்யாவின் தலைநகரான நைரோபிக்குச் சென்றிருந்தேன். ஆப்பிரிக்கா என்றதும் வெயிலையே எண்ணிச் சென்றவன் நான். ஆனால் அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஜூலை அங்கே குளிர்காலம். விருதுநகர் வெயிலில் பழகிய உடம்பு நடுங்கிப்போயிற்று.

அங்கே கணக்கராகப் பணிபுரியும் நம் வட்டாரத்துத் தம்பி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். "ஐயா, விடுதிச் சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் இந்த ஊரை அறியமாட்டீர்கள்" என்று சொல்லி, ரிவர் ரோடு பகுதியிலுள்ள ஒரு சிறு உணவகத்துக்கு அழைத்துச் சென்றார். இத்தகைய கடைகளை அங்குள்ளோர் "ஹோட்டேலி" என்கிறார்கள். நாம் சாப்பாட்டுக் கடையை ஓட்டல் என்பதுபோலத்தான்.

மதிய நேரமாகையால் கடை நிறைந்திருந்தது. இருவர் சேர்ந்து அமர இடமில்லை. தம்பி ஒரு மூலைக்குச் சென்றார். நான் தயங்கி நின்றேன். அப்போது ஒரு நீண்ட பலகையில் இருந்த மனிதர் ஒருவர் நகர்ந்து இடம்விட்டு, "கரிபு" என்றார். சுவாகிலி மொழியில் அது "வாருங்கள், நல்வரவு" என்று பொருள்படும். அவருடைய சட்டையெல்லாம் வண்டி மசகு. பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார்.

பரிமாறும் அம்மையார் ஒரு குவளையில் வெதுவெதுப்பான நீரும் கீழே பிடிக்க ஒரு தொட்டியும் கொண்டுவந்தார். உண்ணும் முன் அமர்ந்த இடத்திலேயே கைகழுவ நீர் வார்ப்பது அவர்கள் வழக்கம். அந்த மனிதர் குவளையைத் தாமே வாங்கி என் கைகளில் ஊற்றினார். அந்தக் குளிரில் வெந்நீர் பட்டதும் கை மட்டுமல்ல, மனமும் இளகிற்று.

பிறகு உணவு வந்தது. மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்த "உகாலி"; நம் பாட்டிமார் கிண்டிய கம்பங்களியின் உறவு என்றே சொல்லலாம். அதனோடு "சுகுமா விகி" என்னும் கீரை. அந்தப் பெயருக்கு "வாரத்தைத் தள்ளு" என்பது பொருளாம். கையில் காசு குறைந்த வீடுகளுக்கு வாரக்கடைசிவரை கைகொடுக்கிற கீரை அது. ஏழைகளின் வாழ்க்கையை இவ்வளவு உண்மையாகச் சொல்லும் உணவுப் பெயரை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கூடவே சப்பாத்தியும் வந்தது. பெயர்தான் சப்பாத்தி. எண்ணெய் தடவி, சுருட்டி, மீண்டும் தேய்த்துச் சுட்டிருந்த அதில் நம் பரோட்டாவைப் போலவே அடுக்கடுக்காக இதழ்கள். 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை இருப்புப்பாதை அமைக்க, இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். அவர்களோடும், அவர்களை அடுத்துச் சென்ற வணிகர்களோடும் வேரூன்றிய இந்திய உணவு இன்று அந்நாட்டவரின் சொந்த உணவாகிவிட்டது. பிழைப்புக்காக வந்த அந்நியனின் அப்பத்தை அவர்கள் தங்கள் மேசையில் ஏற்றுக்கொண்டார்கள்.

என் தட்டு வரும்வரை அந்த மனிதர் தம் உணவைத் தொடவில்லை. அவருடைய பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர் திரும்பியபின் பலமுறை அந்த நிகழ்ச்சியைப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

பிரியமானவர்களே, இனிமேல் சொல்வதை நான் பிரசங்கத்தில் சொன்னதில்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மருத்துவமனையில் ஒருவரைச் சந்தித்து ஜெபித்துவிட்டு, விருதுநகர் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பரோட்டாக் கடையில் நுழைந்தேன். அகன்ற கல்லில் எண்ணெய்ப் பரோட்டா பொரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு மேசையில்தான் இடமிருந்தது. அதில் வடமாநிலத்து வாலிபர் மூவர் இருந்தார்கள். வேலைமுடிந்து வந்த களைப்பு. தலையிலும் உடையிலும் சிமெண்டுத் தூசி. பரிமாறுபவர், "ஐயா, இங்க உட்காருங்க" என்று நான்காவது நாற்காலியைக் காட்டினார்.

"பரவாயில்லை தம்பி, காத்திருக்கிறேன்" என்றேன்.

அந்த வாலிபர்களுக்குத் தமிழ் எவ்வளவு தெரியுமோ, நான் அறியேன். ஆனால் நான் சொன்னது அவர்களுக்கு விளங்கிவிட்டது. மூவரும் அவசரமாக உண்டு முடித்தார்கள். எழுந்து போகும்போது அவர்களில் இளையவன், மேசையில் சிந்தியிருந்த சால்னாவைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, எனக்கு அந்த இடத்தைக் காட்டிவிட்டுப் போனான். நான் அமர்ந்தேன். பரோட்டா வந்தது. அதைப் பிய்த்தபோது அதன் இதழ்கள் எனக்கு நைரோபியை நினைவூட்டின. அதற்குமேல் உண்ண முடியவில்லை.

அன்றிரவு கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். பேதுரு யோப்பா பட்டணத்தில் தரிசனம் கண்டவர். கொர்நேலியுவின் வீட்டுக்குள் சென்றவர். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டவர். ஆயினும் எருசலேமிலிருந்து தம் மனிதர்கள் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும்கூட அதில் இழுபட்டுப் போனார். பவுல் இதை நாகரிகக் குறைவு என்று விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே மாறான நடை என்று கண்டு, எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார்.

பேதுருவுக்குச் சத்தியம் தெரியாமலில்லை. தெரிந்தவர்களின் கண்கள்தான் அவரை எழுப்பிவிட்டன. எனக்கும் அதுதான் நேர்ந்தது. நைரோபியில் என்னை அறிந்தவர் ஒருவருமில்லை. அங்கே நான் விருந்தாளி. விருதுநகரிலோ எனக்கு வெள்ளுடை இருக்கிறது, வணக்கம் சொல்வோர் இருக்கிறார்கள். விருந்தாளியாக இருந்து அன்பைப் பெற்றுக்கொள்வது எளிது. சொந்த ஊரில் நகர்ந்து அமர்ந்து இடம் கொடுப்பதுதான் சீஷனுக்குரிய சோதனை.

நமக்கு இது மறக்கக்கூடாத பாடம். நம் முன்னோரில் எத்தனைபேர் சாதியின் பெயரால் சாப்பாட்டுக் கடைகளுக்கு உள்ளே அமர இடமின்றி வெளியே நின்று உண்டவர்கள்! நம் சிவகாசிப் பகுதிக் கிராமங்களில் கூடாரமடித்துத் தங்கிச் சுவிசேஷம் அறிவித்து, 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்த ராக்லண்ட் ஐயரும் ஓர் அந்நியரே. அந்நியர் ஒருவர் நம்மிடம் வந்ததால் நமக்கு ஆசீர்வாதம் வந்தது. எம்மாவு வீட்டில் வழிப்போக்கரைப் பந்தியில் அமர்த்தியபின்தான் சீஷர்களின் கண்கள் திறந்தன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நம் அச்சகங்களிலும் ஆலைகளிலும் கட்டுமானங்களிலும் உழைக்கும் வடமாநிலத்துப் பிள்ளைகள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களை நாம் பார்க்கிறோம், அவர்களோடு உண்பதில்லை. வரும் அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு அவர்களை அழைக்க விரும்புகிறேன். தனிப் பந்தியாக அல்ல, நம் பந்தியிலேயே. ஒவ்வொரு குடும்பமும் தன் அருகில் ஓர் இடம் விட்டு அமருங்கள். பந்தியின் வாசலில் குவளையோடு நான் நின்று அவர்கள் கைகளில் நீர் வார்ப்பேன். அந்த மூவரும் வருவார்களா என்று தெரியாது. வந்தால், நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது அவர்களிடம்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் அந்நியராய் இருந்தபோது உமது பந்தியில் எங்களுக்கு இடம் தந்தீர். எழுந்து விலகின எங்கள் பயத்தை மன்னித்து, நகர்ந்து இடம்கொடுக்கும் இருதயத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்