கடல் கடந்து வரும் குரல்

பொருள் தேடிப் பிறநாடு செல்லுதல் நம்மவர்க்குப் புதியதன்று. ஆயினும் தந்தை கட்டாரிலே கட்டட வேலையிலும், தாய் குவைத்திலே வீட்டுப் பணியிலும், தமையன் டுபாயிலே ஹோட்டல் ஊழியத்திலும் இருக்க, பிள்ளைகள் அம்மம்மாவின் நிழலிலே வளரும் காலம் இது. இவ்வாறு நாற்புறமும் சிதறிய குடும்பத்தைக் குடும்பமாகக் கட்டி வைத்திருப்பது யாது? மாத முடிவில் வரும் பணம் மட்டுமன்று. இரவிலே வரும் குரலே என்பது நம் துணிபு.

1927ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நியூயோர்க்குக்கும் இலண்டனுக்கும் இடையே தொலைபேசிச் சேவை தொடங்கியபோது மூன்று நிமிடப் பேச்சுக்குக் கட்டணம் 75 டொலர். செல்வரே பேசினர், ஏனையோர் கடிதம் எழுதினர். நம் நாட்டிலும், வெளிநாட்டு அழைப்புக்காகத் தொடர்பாடல் நிலையங்களின் வாயிலிலே முறைவைத்துக் காத்திருந்த நாட்களை நாற்பது வயது கடந்தோர் மறந்திரார். இன்று குரல் மலிந்துவிட்டது. எனினும், வழி அறியாதார்க்கு அது இன்றும் விலையுயர்ந்த பண்டமே. அதிலும், முதற்சம்பளம் கைக்கு வருமுன் உள்ள மாதத்திலேதான் வீட்டு நினைவும் மிகுதி, வீண்செலவும் மிகுதி. ஆதலின் புறப்படுவோர் அறிய வேண்டிய சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது, இங்குள்ள சிம் அட்டையைக் கொண்டே அங்கும் பேசுதல். இதனை ரோமிங் என்பர். நாம் எடுக்கும் அழைப்புக்கு மட்டுமன்றி, நமக்கு வரும் அழைப்புக்கும் பெரும்பாலும் கட்டணம் உண்டு. கையடக்கத் தொலைபேசியோ நாம் உறங்கும்போதும் உறங்குவதில்லை. தானாகவே டேட்டாவை இழுத்துக்கொண்டிருக்கும். ஆகையால் விமானம் ஏறுமுன்னரே டேட்டா ரோமிங்கை நிறுத்திவிடுதல் வேண்டும். ஆனால் அந்த அட்டையை வீசிவிடலாகாது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வரும். இரண்டு சிம் ஏற்கும் தொலைபேசியாயின் ஒன்றிலே ஊர் எண்ணையும் மற்றொன்றிலே அந்நாட்டு எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். சில நாட்களுக்கு மட்டும் அலுவல் நிமித்தம் செல்வோர் இ-சிம் எனப்படும் அட்டையில்லாச் சிம்மை ஊரிலிருந்தே வாங்கிச் செல்லலாம்.

நீண்ட காலம் தங்குவோர்க்கு அந்நாட்டுச் சிம்மே தக்கது. கடவுச்சீட்டையோ வதிவிட அடையாள அட்டையையோ காட்டித் தம் பெயரிலேயே அதனைப் பெறுதல் வேண்டும். பிறர் பெயரிலுள்ள சிம் மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்குவோர், அவர் செய்த குற்றத்துக்குத் தாம் பதில் சொல்ல நேரிடும்.

இணையவழி அழைப்பே இன்று யாவரும் அறிந்தது. வட்ஸ்அப், வைபர், இமோ முதலியன இதற்கு உதவுகின்றன. வைஃபை உள்ள இடத்திலே தனிக் கட்டணம் இல்லை. டேட்டாவைக் கொண்டு பேசுவோர் ஒன்றை நினைவிற் கொள்க: முகம் பார்த்துப் பேசும் அழைப்பு, குரல் அழைப்பைப் போலப் பன்மடங்கு டேட்டாவை உண்ணும். இரண்டு நிமிடம் குழந்தையின் முகம் பார்த்துவிட்டு, மிகுதியைக் குரலாற் பேசுதல் சிக்கனம்.

ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே சட்டம் இல்லை. சவூதி அரேபியா 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் இணைய அழைப்புகளுக்கான தடையை நீக்கிற்று. ஐக்கிய அரபு இராச்சியத்திலோ வட்ஸ்அப்பிற் செய்தியும் பதிவுசெய்த குரலும் அனுப்பலாமேயன்றி அழைப்பு எடுக்க இயலாது. பொட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளையே நாட வேண்டும். விபிஎன் என்னும் மறைவழியால் அதனைக் கடக்கலாமென நண்பர்கள் அறிவுரை கூறுவர். அந்நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் புரிய அல்லது அதனை மறைக்க அவ்வழியைக் கையாள்வோர்க்கு 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. சில ரூபாய்களைச் சேமிக்கப்போய் வாழ்நாள் உழைப்பையே பணயம் வைத்தல் அறிவுடைமையாகுமா?

வீட்டிலே பழைய தொலைபேசி மட்டுமே வைத்திருக்கும் முதியோர்க்கு இணையம் உதவாது. மலிவாக அழைக்கப் பலரும் நம்பியிருந்த ஸ்கைப் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. அந்நாட்டு நிறுவனங்கள் விற்கும் வெளிநாட்டு அழைப்புப் பொதிகளைக் கேட்டறிதல் வேண்டும். முழு நிமிடமாகக் கணக்கிடும் முறையில் ஒரு நிமிடமும் ஐந்து வினாடியும் பேசினால் இரண்டு நிமிடம் கழியும். ஆதலின் பத்துச் சிறு அழைப்பைவிட ஒரு நீண்ட அழைப்பே இலாபம். ஒருமுறை ஒலித்து ஓயும் அறியாத வெளிநாட்டு எண்ணுக்குத் திரும்ப அழைத்தலும் ஆகாது. பணம் பறிக்கும் தந்திரங்களுள் அதுவும் ஒன்று.

பணத்தினும் அரிய செலவு ஒன்று உண்டு, அது நேரம். நம் வகுப்பிலே முதற்பாடத்திலேயே கண்ணயரும் மாணவன் ஒருவனைத் தனியே அழைத்துக் காரணம் வினவினோம். "அம்மா குவைத்திலிருந்து இரவிலைதான் எடுப்பா, சேர். அதுவரைக்கும் நித்திரை கொள்ளாமல் இருப்பன்" என்றான். குவைத்தில் இரவு பத்து மணிக்கு அந்த வீட்டு வேலை ஓயும். அப்போது நமக்குப் பன்னிரண்டரை. இரண்டரை மணி நேர வேறுபாடு ஒரு சிறுவனின் உறக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

நாம் அவனுக்கு ஒரு வழி சொன்னோம். மாலையிலே அன்றைய செய்திகளை மூன்று நிமிடம் குரற்பதிவாக அனுப்பிவிட்டு நேரத்தோடு உறங்கட்டும். வேலை ஓய்ந்தபின் தாய் அதனைக் கேட்டுத் தன் குரலைப் பதிந்து அனுப்பட்டும். காலையிலே அதனைக் கேட்டு அவன் எழட்டும். நேர்ப்பேச்சு அவளுடைய ஓய்வுநாளுக்கு இருக்கட்டும். சில நாள் கழித்து அவன் சொன்னது இது: "அம்மா என்ரை குரலைச் சமைக்கேக்கையும் போட்டுக் கேக்கிறாவாம், சேர்."

இன்னுமொன்று. தொலைபேசி பறிபோகலாம், உடையலாம், எசமானரால் வாங்கி வைக்கப்படலாம். ஆகவே வீட்டு எண்ணையும், நம் நாட்டுத் தூதரகத்தின் எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொள்வதுடன், ஓர் எண்ணையேனும் மனப்பாடம் செய்தல் வேண்டும். இலங்கை எண்ணுக்கு முன் 94 சேர்த்து, முதலிலுள்ள பூச்சியத்தை நீக்க வேண்டும் என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

வீட்டிலிருப்போர்க்கும் ஒரு வார்த்தை. அழைப்பு வந்ததும் கடன்காரன் வந்த கதையையும் கூரை ஒழுகும் கதையையும் மட்டுமே அடுக்காதீர்கள். முருங்கை பூத்ததையும், பிள்ளை ஓடி வென்றதையும் சொல்லுங்கள். "சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். அந்நிய நாட்டிலே அவரை அவ்வாறு கேட்பார் வேறு எவர் இருக்கின்றனர்?