பூக்களை எண்ணும் மலைக் கல்லூரி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத் தொடரின் உள்ளே கோதிக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 9,500 அடி உயரம். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே ஏறத்தாழ 8,650 அடிதான். 1879-ல் வெள்ளிச் சுரங்கம் தோண்ட வந்தவர்கள் உண்டாக்கிய ஊர் அது. எதிர்பார்த்த அளவு வெள்ளி கிடைக்காததால் வந்த கூட்டம் கலைந்துபோனது. சில மரவீடுகள் மட்டும் மிஞ்சின.

ஆளில்லாமல் கிடந்த அந்த ஊரில் 1928-ல் ஜான் ஜான்சன் என்ற உயிரியல் பேராசிரியர் ஒரு கோடைக்காலக் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். பக்கத்து ஊரான கன்னிசன் கல்லூரியில் பாடம் நடத்திவந்தவர் அவர். செடியையும் பூச்சியையும் அவை வாழும் இடத்திலேயே மாணவர்கள் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த நிலையம்தான் இன்றைய ராக்கி மலை உயிரியல் ஆய்வகம். பழைய சுரங்க ஊர்க் கட்டடங்களில் சில இன்றும் அங்கே பயன்பாட்டில் உள்ளன.

குளிர்காலத்தில் அங்கே போகும் சாலை பனியில் மூடிவிடும். பனிச்சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டுதான் போக முடியும். ஒரு சிலரைத் தவிர யாரும் தங்குவதில்லை. பனி உருகி ஜூன் பிறந்ததும் நாட்டின் பல கல்லூரிகளிலிருந்து மாணவர்களும் ஆய்வாளர்களும் வந்து சேர்வார்கள். ஆகஸ்ட் வரை ஊர் கலகலப்பாக இருக்கும்.

புல்வெளியே வகுப்பு

அங்கே பாடத்தின் பெரும்பகுதி புல்வெளியிலும் ஓடைக்கரையிலும்தான் நடக்கிறது. காலையிலேயே வெளியில் கிளம்பிவிட வேண்டும். கோடையில் பிற்பகல் ஆனால் இடியும் மின்னலும் மலையைச் சூழ்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் திறந்தவெளியில் நிற்பது ஆபத்து.

மாணவர்கள் முதலில் செடிகளையும் பூச்சிகளையும் இனம் காணப் பழகுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பூவுக்கு எந்த வண்டு வருகிறது? எறும்பு ஏறும் செடியில் விதைச் சேதம் குறைவா? இப்படிச் சின்னக் கேள்விகள்தான். மூத்த ஆய்வாளர் ஒருவர் வழிகாட்டுவார். கோடை முடிவதற்குள் வயலில் தானே அளந்து, எண்ணி, பதில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எறும்புக் கேள்வி அங்கே உண்மையிலேயே ஆராயப்பட்டது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச்செடி அந்த மலையில் உண்டு. அதன் மொட்டைச் சுற்றியுள்ள இலைப்பகுதியில் இனிப்பு நீர் சுரக்கும். அதைக் குடிக்க எறும்பு வரும். எறும்பு நடமாடும் பூவில் ஈக்கள் முட்டையிடுவது குறையும், விதை தப்பும். வரப்பில் தட்டைப்பயறு விதைத்து நன்மை செய்யும் பூச்சிகளை வரவழைக்கும் விவசாயிக்கு இது புதுக்கதை இல்லை.

இரண்டு மீட்டர் கட்டம்

அந்த ஆய்வகத்தின் பெரிய சொத்து ஒரு கணக்கு நோட்டு என்று சொல்லலாம். டேவிட் இனோயி என்ற ஆய்வாளர் 1973-ல் புல்வெளியில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் கட்டங்களைக் குறித்தார். தேன்சிட்டு வகைப் பறவைகளுக்கும் காட்டுத் தேனீக்களுக்கும் எவ்வளவு பூ கிடைக்கிறது என்று தெரிந்துகொள்வதே அன்றைய நோக்கம். பனி உருகியது முதல் பருவம் முடியும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் போய், ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் செடியில் எத்தனை பூ மலர்ந்திருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். அடுத்த ஆண்டும் அதே கட்டம், அதே முறை. எண்ணியவர்களில் கோடைக்கு வந்த மாணவர்களும் அடக்கம்.

39 ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது எண்ணப்பட்ட பூக்கள் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தன. 2014-ல் முடிவு வெளிவந்தது. அந்தப் புல்வெளியின் பூக்கும் காலம் 1970-களில் இருந்ததைவிட 35 நாள் நீண்டுவிட்டது. முன்பு ஒன்றாகப் பூத்த சில செடிகள் இப்போது வெவ்வேறு நேரத்தில் பூக்கின்றன.

பூக்கும் காலம் நீண்டால் நல்லதுதானே என்று தோன்றலாம். சூரியகாந்திச் செடியின் கணக்கு வேறு பதில் சொல்கிறது. பனி சீக்கிரம் உருகினால் செடி சீக்கிரம் மொட்டு விடுகிறது. ஆனால் ஜூன் மாதத்தில் இரவு உறைபனி விழுவது நிற்கவில்லை. முன்கூட்டி வந்த மொட்டு அந்த உறைபனியில் கருகிவிடுகிறது. 1992 முதல் 1998 வரை சராசரியாக 100 மொட்டில் 36 கருகின. 1999 முதல் 2006 வரை அது 74 ஆனது. மொட்டு போனால் பூ இல்லை, வண்டுக்கு உணவில்லை, அடுத்த தலைமுறைக்கு விதையும் இல்லை. செடி பல ஆண்டு வாழும் வகை என்பதால் பார்வைக்குப் புல்வெளி பச்சையாகவே இருக்கும். எண்ணிப் பார்த்தவருக்கு மட்டும்தான் இழப்பு தெரியும்.

தனியாக ஒருவர் எழுதிய நோட்டு

பில்லி பார் என்பவர் 1972-ல் மாணவராக கோதிக்குக்கு வந்தார். பிறகு அங்கேயே தங்கிவிட்டார். குளிர்காலத்தில் தனியாக இருக்கும்போது பொழுதுபோக்காகத் தினமும் எவ்வளவு பனி விழுந்தது, தரையில் எவ்வளவு கிடக்கிறது, வெப்பம் எவ்வளவு என்று எழுதத் தொடங்கினார். வசந்தத்தில் எந்தப் பறவை முதலில் வந்தது, எந்த விலங்கு என்றைக்குக் கண்ணில் பட்டது என்பதையும் குறித்துவைத்தார். யாரும் கேட்டு எழுதியதில்லை.

அந்த மலையில் மர்மட் என்ற விலங்கு உண்டு. அணில் இனம்தான், ஆனால் பூனையளவு இருக்கும். ஆண்டில் பாதிக்கு மேல் வளைக்குள் உறங்கிக் கழிக்கும். 1962 முதல் ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். பார் எழுதிய தேதிகளை வைத்துப் பார்த்தபோது, 1976-க்கும் 1999-க்கும் இடையில் மர்மட் வளையை விட்டு வெளிவரும் நாள் 38 நாள் முன்னுக்கு வந்திருந்தது. காற்றின் சூடு அதை எழுப்பிவிட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் தரைப்பனி உருகும் நாள் மாறவில்லை. விழித்து வந்த விலங்குக்கு எதிரே பனிதான் கிடந்தது, புல் இல்லை. 2000-ம் ஆண்டு வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் பாரின் பெயரும் இருக்கிறது.

வெப்பம்தான் காரணமா என்று சோதிக்க ஜான் ஹார்ட் என்ற விஞ்ஞானி 1991-ல் வேறொரு வேலை செய்தார். புல்வெளியில் சில பாத்திகளுக்கு மேலே மின்சூடேற்றிகளைத் தொங்கவிட்டார். பக்கத்துப் பாத்திகளை அப்படியே விட்டார். சூடேற்றிய பாத்திகளில் பூச்செடிகள் குறைந்து, வறட்சி தாங்கும் புதர்ச்செடி பெருகியது. விளம்பரத்தில் வரும் எந்த மருந்தையும் உரத்தையும் சோதிக்கும் வழி இதுதான். வயல் முழுக்கப் போட்டுவிட்டால் விளைச்சல் எதனால் கூடியது என்று சொல்ல முடியாது. ஒரு பாத்தியைப் போடாமல் விட்டுவைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

நம் வயலில்

வெளியில் நடக்கும் வகுப்பு நம் ஊருக்கும் புதிதல்ல. உழவர் வயல்வெளிப் பள்ளியில் விவசாயிகள் குழுவாக வயலில் இறங்கி, பயிரையும் பூச்சியையும் பார்த்து எழுதி, என்ன செய்வதென்று கூடிப் பேசுகிறார்கள். இந்த முறை 1989-ல் இந்தோனேசியாவின் நெல் வயல்களில் தொடங்கியது. வேளாண்மைக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கி வயல் வேலை கற்பதையும் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள்.

கட்டம் போட்டுக் கணக்கெடுப்பதும் தெரிந்ததுதான். நெல்லுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்யும்போது 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அதில் கிடைத்த நெல்லை எடை போடுகிறார்கள். பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு கணக்கிடுவதற்கு அந்த எடையும் ஓர் அடிப்படை. நன்றாக விளைந்த மூலையாகவோ காய்ந்த மூலையாகவோ பார்த்துக் கட்டம் போட்டால் ஊரின் கணக்கே தவறிவிடும். அதனால்தான் இடத்தைத் தேர்வு செய்ய விதிமுறை வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அறுவடைப் பரிசோதனை நடந்தால் கூட நின்று பாருங்கள்.

“முன்னெல்லாம் இப்படியில்லை, இப்போது பருவமே மாறிவிட்டது” என்ற பேச்சு எல்லாத் திண்ணையிலும் கேட்கிறது. எத்தனை நாள் மாறியது என்று கேட்டால் பதில் இருக்காது. அதற்கு கோதிக்கின் வழி உதவும். பெரிய செலவில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை, அதே தேதியில் கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். ஆடியிலும் ஐப்பசியிலும் முதல் உழவு மழை பெய்த தேதியைக் குறியுங்கள். மாமரம் ஒன்று, புளியமரம் ஒன்று, வேப்பமரம் ஒன்று அடையாளம் வைத்து, முதல் பூ கண்ட நாளை எழுதுங்கள். ஆண்டுதோறும் அதே மரமாக இருக்க வேண்டும். மரம் மாறினால் கணக்கு உதவாது. விளக்குப்பொறி வைத்திருப்பவர்கள் எந்த வாரத்தில் எந்தப் பூச்சி கூடுதலாக விழுந்தது என்று சேர்த்துக்கொள்ளலாம். எழுத மறந்த நாளை வெற்றிடமாக விடுங்கள், மறுநாள் ஊகித்து நிரப்ப வேண்டாம். பூவோ பூச்சியோ இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள். அதுவும் ஒரு செய்திதான்.

கோடை விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். வரப்பில் நான்கு குச்சி ஊன்றி, ஒரு மீட்டர் கட்டத்துக்குக் கயிறு கட்டி, உள்ளே கால் வைக்காமல் என்னென்ன செடி, எத்தனை பூ, எத்தனை தேனீ என்று வாரம் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இடம், மரம், அளந்த முறை எல்லாவற்றையும் எழுதிவைத்தால் பின்னால் வருபவர் அப்படியே தொடரலாம்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நோட்டில் பெரிதாக எதுவும் தெரியாது. பத்து ஆண்டு ஆனபின் விதைப்பைப் பத்து நாள் தள்ளலாமா, குறுகிய வயது ரகத்துக்கு மாறலாமா என்று யோசிக்கும்போது அதைப் புரட்டுங்கள். கிராமத்தில் தங்கவரும் கல்லூரி மாணவர்களிடமும் காட்டுங்கள். அவர்கள் பாடப்புத்தகத்தில் உங்கள் ஊர் மழைத் தேதி இருக்காது.