விடுமுறையிலும் வேண்டும் ஓர் ஒழுங்கு

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் திருவண்ணாமலையின் தெருக்களில் பேரக்குழந்தைகளின் குரல் நிறைகிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி வீடு என்றாலே கொண்டாட்டம்தான். ஆனால், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அதே விடுமுறை பெரும் கலக்கமாகிவிடுவதுண்டு. ஒரே கேள்வியை ஓயாமல் கேட்கிறது; உணவைத் தள்ளுகிறது; இரவில் உறங்க மறுக்கிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்ற பழி தாயின்மீது விழுகிறது.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசம் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். சுற்றியுள்ள எதுவும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பு அக்குழந்தைகளிடம் இருந்ததை அவர் அதில் குறிப்பிட்டார். பள்ளி நாள்களில் மணியடித்தால் பாடம், மணியடித்தால் உணவு என்று பொழுது தெளிவாக நகர்கிறது. விடுமுறை தொடங்கியதும் அந்தப் பிடிமானம் ஒரே நாளில் அறுந்துபோகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று அறியாத அச்சமே அழுகையாக வெளிப்படுகிறது. அது பிடிவாதமன்று, வளர்ப்பின் குறையன்று, பரிகாரம் தேட வேண்டிய தோஷமுமன்று.

இங்கேதான் பெரியவர்கள் வாழும் இல்லம் பெருந்துணையாகிறது. அண்ணாமலையார் ஆலயத்தில் நாள்தோறும் ஆறு கால பூஜை முறை தவறாமல் நடைபெறுவதுபோல, அவ்வில்லங்களிலும் விடியற்காலைக் கோலம், காலை பூஜை, அந்தி விளக்கு என்று ஒரு நியதி உண்டு. அந்த நியதிக்குள் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். குளியல், பூஜை, சிற்றுண்டி, விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றைச் சிறு படங்களாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டி, முடிந்ததைக் குழந்தையே எடுத்துப் பெட்டியில் போடச் செய்யலாம். தினசரி நாள்காட்டியில் பள்ளி திறக்கும் நாளுக்குரிய தாளில் வண்ணக் காகிதம் ஒன்றை ஒட்டி, காலைதோறும் ஒரு தாளைக் கிழிக்கும் பொறுப்பைக் குழந்தையிடம் ஒப்படைக்கலாம். இடையிலுள்ள தாள்கள் குறைந்துவருவதைக் கண்ணால் காணும்போது, 'பள்ளி எப்போது?' என்ற கேள்விக்கு விடை கையிலேயே கிடைத்துவிடும்.

ஆலயத்திற்கு அழைத்துச் செல்வதிலும் நிதானம் வேண்டும். சித்ரா பௌர்ணமி நெரிசலையும், மேளமும் மணியும் சேர்ந்து முழங்கும் தீபாராதனை நேரத்தையும் தவிர்ப்பது நலம். பிறருக்கு மங்கல ஒலியாக இருப்பது, சில குழந்தைகளின் செவிக்குத் தாங்கமுடியாத வேதனையாகிறது. கல்தரை சுடுவதற்கு முன், கூட்டமில்லாத காலையில், விரிந்த வெளிப் பிராகாரத்தில் சிறிது நேரம் நடந்து திரும்பினாலே போதும். கணப்பொழுதில் விலகி ஓடும் இயல்பும் நீரை நாடும் ஆர்வமும் இக்குழந்தைகள் பலரிடம் உண்டு. சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்மதீர்த்தமும் உள்ள வளாகத்தில் பிடித்த கையை விடலாகாது. தொலைபேசி எண் எழுதிய அட்டை குழந்தையின் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் சுற்ற வேண்டுவதில்லை. இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களும் என்றும் மாறாத வரிசையில் அமைந்துள்ளன. நாளுக்கு ஒரு லிங்கம் என ஆட்டோவில் சென்று வணங்கி வந்தால் எட்டு நாள்களுக்கு ஓர் ஒழுங்கு அமைந்துவிடும். இன்று அக்னி லிங்கம் என்றால் நாளை யம லிங்கம். வரிசையை விரும்பும் குழந்தைக்கு அந்த உறுதியே மகிழ்ச்சி.

விருந்தினர் வருவதானால் முன்பே சொல்லிவைக்க வேண்டும். காலில் விழு, முத்தம் கொடு என்று வற்புறுத்தலாகாது. குழந்தை ஒதுங்கி அமர அமைதியான ஒரு மூலையும் தேவை. பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே, பள்ளி நாள்களின் உறங்கும் நேரத்திற்கும் விழிக்கும் நேரத்திற்கும் திரும்பிவிட வேண்டும். சீருடையையும் புத்தகப்பையையும் கண்ணில் படும்படி வைக்கலாம்.

அந்தத் தாயையும் மறத்தலாகாது. பள்ளி நாள்களில் அவளுக்குக் கிடைத்த சில மணி நேர ஓய்வும் விடுமுறையில் இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் பேரக்குழந்தையைத் தாத்தாவும் பாட்டியும் ஏற்றுக்கொண்டு, "நீ போய் உண்ணாமுலை அம்மன் சந்நிதியில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வா அம்மா" என்று அவளை அனுப்பிவைக்கலாம். அதைவிடப் பெரிய கைங்கரியம் அந்த வீட்டில் வேறில்லை.