கோட்டம் எடுக்கும் கைகள்

கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பம்பு, மோட்டார், மில் உதிரிபாகம் என்று ஏதாவது ஒன்றை ஜாப் ஒர்க்காகக் கடைந்துகொண்டே இருக்கும் தெருக்கள். அப்படியொரு தெருவில், இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் உள்ள சின்னப் பட்டறையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. கல்லிலும் மண்ணிலும் ஓடுவதற்கென்றே செய்த பைக்குகளின் சக்கரத்தையும் பிரேக்கையும் மாற்றி, தார் ஓடுதளத்துக்கான சூப்பர்மோட்டோ வண்டிகளாக்கித் தருகிறார்கள். நான் போனபோது அங்கே ஸ்டாண்டில் ஏறி நின்றது ஒரு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பழகும் கல்லூரி மாணவர் ஒருவருடையது.

சூப்பர்மோட்டோ பிறந்தது அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக. 1979-இல் ஏபிசி தொலைக்காட்சி, கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் ஓடுதளத்தில் ‘சூப்பர்பைக்கர்ஸ்’ என்ற போட்டியை நடத்தியது. தார்த் தடத்தில் ஓட்டுபவர், மண் தடத்தில் ஓட்டுபவர், மோட்டோகிராஸில் பாய்பவர் எல்லோரையும் ஒரே தடத்தில் இறக்கினால் யார் ஜெயிப்பார் என்று பார்ப்பதுதான் நோக்கம். தடத்தில் தாரும் இருந்தது, மண்ணும் இருந்தது. 1985-உடன் அந்த நிகழ்ச்சி நின்றது. விளையாட்டு அதற்குள் ஐரோப்பாவுக்குப் போய், குறிப்பாக பிரான்சில், வேரூன்றிவிட்டது. 2002-இல் உலக சாம்பியன்ஷிப்பும் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வண்டியின் அடையாளம் மாறவில்லை: மேலே ஒல்லியான டர்ட் பைக், கீழே 17 அங்குலத்தில் அகலமான சக்கரங்கள், முன்னால் பெரிய டிஸ்க்.

எக்ஸ்பல்ஸில் கம்பெனி கொடுப்பது முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. பெரிய ஒல்லிச் சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் உருண்டு ஏறிக் கடக்கும். தாரில் அதே ஒல்லிச் சக்கரம் தரையைத் தொடும் இடம் குறைவு; நல்ல பிடிப்புள்ள டயர்களும் அந்த அளவில் அதிகம் கிடையாது. அதனால்தான் இரண்டையும் 17-க்கு இறக்குகிறார்கள். மாற்றுவது என்றால் புதுச் சக்கரத்தை வாங்கி அச்சில் கோத்து நட்டை இறுக்குவது என்று நினைத்தால் அது தவறு. பழைய ஹப்பை வைத்துக்கொண்டு அதில் புது ரிம்மைக் கம்பி போட்டுப் பின்ன வேண்டும். இந்தப் பட்டறையில் அந்த வேலைக்கு ஒரு பெரியவர் இருக்கிறார்.

வயது அறுபதைத் தாண்டியவர். சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கக் கற்று, பிறகு ராஜ்தூத், புல்லட் சக்கரங்களுக்கு வந்தவர். அலாய் சக்கரங்கள் வந்த பிறகு அவருக்கு வேலை சுருங்கிப் போயிருந்தது. கம்பிச் சக்கரம் திரும்பி வந்ததும் பட்டறைக்காரர் அவரைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

பெரியவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஸ்கேலைத்தான் எடுத்தார். ஹப்பில் டிஸ்க் உட்காரும் முகத்துக்குக் குறுக்கே நேர்ச்சட்டம் ஒன்றை வைத்து, அங்கிருந்து ரிம்மின் விளிம்பு எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்று நான்கு இடங்களில் அளந்தார். அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். “இதை எழுதாம கழட்டிப்போட்டா அப்புறம் சாமி வந்தாலும் சொல்ல முடியாதுங்க கண்ணு” என்றார் மாணவரிடம். ரிம் ஹப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்குக்கும் பல்சக்கரத்துக்கும் இடம் விட்டு ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கலாம். அந்தத் தள்ளலைத் தவறவிட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது.

அடுத்து கம்பி. 21 அங்குல ரிம்மிலிருந்து 17-க்கு வரும்போது கம்பியின் நீளம் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் குறைகிறது. பழைய கம்பியை வெட்டி, டை போட்டு மரை ஏற்றித் தருகிற கடைகள் உண்டு. டை கம்பியை அறுத்துத்தான் மரையை உண்டாக்கும். அறுபட்ட இடத்தில் கம்பி மெலிந்து, பின்னொரு நாள் அங்கேயே முறியும். இந்தப் பட்டறையில் உருளைகளுக்கு நடுவில் கம்பியை அழுத்தி உருட்டி மரை எழுப்புகிறார்கள். உலோகம் அறுபடாமல் மேலே எழும்புகிறது. ரிம்மின் துளைகளையும் பெரியவர் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ரிம் சிறிதானால் கம்பி போகும் கோணம் கூடிவிடும். துளை அந்தக் கோணத்துக்குச் சாய்த்துப் போட்டதாக இல்லையென்றால் நிப்பிளின் கழுத்தில் கம்பி வளையும். கோணம் பொருந்தாத ஒரு ரிம்மை அவர் அன்று தள்ளி வைத்துவிட்டார். அது விலை கூடிய இறக்குமதி ரிம். மாணவர் முகம் வாடியது. பட்டறைக்காரர் பெரியவர் பக்கமே நின்றார்.

பிறகு பின்னல். முப்பத்தாறு கம்பிகள், ஒன்பது ஒன்பதாக நான்கு கூட்டம். முதலில் உள்பக்கமாக வருபவை, பிறகு வெளிப்பக்கமாக வருபவை. கயிற்றுக் கட்டில் பின்னுவதுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி, கை நிற்காமல் போகிறது. எல்லா நிப்பிளையும் சமமாகத் திருகிய பின் சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றி, டயல் கேஜின் முனையை ரிம்மில் வைத்தார். முதலில் மேலும் கீழும் குதிப்பதைச் சரிசெய்தார். அதன்பிறகே பக்கவாட்டுக் கோட்டம். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கெடும். பல கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்கள் 2 மில்லிமீட்டர் வரை ஆட்டத்தை அனுமதிக்கின்றன. அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடும் சக்கரத்தைப் பெரியவர் கையை விட்டு விடமாட்டார். முடிவில் கேஜை எடுத்துவிட்டு, ஸ்பேனர் நுனியால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேட்டார். தொய்ந்த கம்பியின் ஓசை மந்தமாக வரும். ஒரு கம்பி அப்படி ஒலித்தது. கால் சுற்று இறுக்கி மறுபடி தட்டினார்.

பிரேக் பட்டறைக்காரரின் பொறுப்பு. இங்கேதான் மாணவருக்கும் அவருக்கும் வாக்குவாதம். மாணவருக்கு முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க் வேண்டும். கேட்பதற்குக் காரணம் உண்டு. கேடிஎம் தன் 390 எண்டூரோ ஆர் வண்டிக்கு 285 மில்லிமீட்டர் முன்டிஸ்க் கொடுக்கிறது. அதன் சூப்பர்மோட்டோ உடன்பிறப்பான 390 எஸ்எம்சி ஆருக்கு 320.

பட்டறைக்காரர் சுவரிலேயே கணக்குப் போட்டார். 90/90-21 டயரின் மொத்த விட்டம் சுமார் 695 மில்லிமீட்டர். புதிதாகப் போடும் 110/70-17 டயருக்கு 586. சக்கரம் சிறிதானதாலேயே, அதே டிஸ்க்கும் அதே காலிப்பரும் தரையில் கொடுக்கும் பிடி ஏறத்தாழ 19 சதவீதம் கூடிவிடுகிறது. “டிஸ்க்கை மாத்தறதுக்கு முன்னாடியே உங்க பிரேக் மாறிப்போச்சு தம்பி. ஃபோர்க்கு 37 மில்லிமீட்டர்தானுங்க. அது எவ்வளவு தாங்கும்னு பார்க்க வேண்டாமா?” எக்ஸ்பல்ஸின் 276-க்குப் பதிலாக 300 போதும் என்று முடிவானது. சூட்டைத் தாங்க அது உதவும். என் கண்ணுக்கும் அதுவே சரியான முடிவு. பெரிய டிஸ்க்கைப் போட்டு மெல்லிய ஃபோர்க்கை முறுக்குவது முன்னேற்றம் ஆகாது.

டிஸ்க் 24 மில்லிமீட்டர் பெரிதானால் காலிப்பர் அச்சிலிருந்து 12 மில்லிமீட்டர் வெளியே தள்ளி உட்கார வேண்டும். அதற்கொரு பிராக்கெட். இரும்புத் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்த பிராக்கெட்டுகள் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கின்றன. உயிரைத் தாங்கும் இடத்தில் அதை மாட்டக் கூடாது. இங்கே கெட்டி அலுமினியக் கட்டையை மில்லிங்கில் ஏற்றி, முதலில் ஒரு முகத்தைச் சமமாக்கி, அதிலிருந்தே மற்ற எல்லா அளவையும் எடுத்தார்கள். உள்மூலைகள் கூர்மையாக இல்லாமல் வளைவாக விடப்பட்டன. விரிசல் தொடங்குவது கூர்மூலையில்தான். ஹைடென்சில் போல்ட் போட்டு மாட்டிய பின், டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடுகிறதா என்று ஃபீலர் கேஜை இருபுறமும் விட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இடைவெளி குறைந்தது. மெல்லிய வாஷர் ஒன்று சேர்ந்ததும் சரியானது. ஏபிஎஸ் சென்சாருக்கும் அதன் வளையத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தனியாகச் சரிபார்த்தார்கள். காலிப்பர் பழையதே என்பதால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றவில்லை. பெரிய பிஸ்டன் உள்ள காலிப்பரைப் பழைய சிலிண்டரோடு கோத்தால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

மற்ற மாற்றங்கள் இவற்றின் பின்னாலேயே வருகின்றன. முன்அச்சு சுமார் 55 மில்லிமீட்டர் கீழே வருகிறது, பின்அச்சு 11 மட்டுமே. வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்க, ஃபோர்க்கின் சாய்வு ஒன்றே முக்கால் டிகிரி அளவுக்கு நிமிர்கிறது. திரும்புவது சுலபமாகும், வேகத்தில் ஹேண்டில் பரபரக்கவும் செய்யும். 190 மில்லிமீட்டர் அசையும் ஃபோர்க்கு, கடும் பிரேக்கில் மொத்தமாக அமுங்காமல் இருக்க ஸ்பிரிங்கையும் ஆயிலையும் கெட்டியாக்கினார்கள். சைடு ஸ்டாண்டை வெட்டிக் குறுக்கினார்கள். இல்லாவிட்டால் வண்டி அளவுக்கு மீறி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயும். முன்சக்கரத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும் மீட்டர் என்றால், 60-இல் போகும்போது 71 காட்டும்.

இந்த வண்டி ஓடுதளத்துக்கு டெம்போவில் ஏறித்தான் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சாலையில் ஓட்டக் கேட்டு வருபவர்களைப் பட்டறைக்காரர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

பில் போடும்போது பார்த்தேன். ரிம், டயர், டிஸ்க் விலைக்கு மறுபேச்சு இல்லை. பெரியவரின் கூலி வந்தபோதுதான் பேரம் தொடங்கியது. எனக்கு அது பொறுக்கவில்லை. மொத்த வேலையிலும் வண்டியைக் கோட்டில் நிறுத்தியது அந்தக் கைகள். இந்த ஊரில் அந்த வேலையைக் கற்க வருபவர்கள் குறைவு. கூலி குறைந்தால் அவர்களும் வரமாட்டார்கள். உங்கள் வண்டிக்குக் கம்பி பின்னக் கொடுக்கிறீர்களா? கேட்ட கூலியைக் கொடுங்கள். புதுக் கம்பிகள் முதல் ஓட்டத்தில் தளரும். ஓடுதளத்திலிருந்து வந்ததும் சக்கரத்தை அவரிடமே திரும்பக் கொண்டுபோய் ஒவ்வொரு கம்பியையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.